எதிர்வீட்டு மக்சிக்குக்கும் (மலாய்க்காரப் பெரியம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்), கை கொடுத்த மற்ற எல்லாருக்கும்

பக்கவாதத்தில் இடது பக்கம் தளர்ந்துபோன அம்மா மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். என்ன நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும், அதை மறுபடி எழுதப்போவதில்லை. நன்றியைத்தான் எழுத வேண்டும்.

வார்டில் இடுப்புப் பட்டை கட்டி அம்மாவை எழுப்பி உட்காரவைக்கக் கற்றுக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட், முதியோருக்கு வீட்டில் பாதுகாப்பு வசதி செய்துதரும் ஈஸ் திட்டத்தில் கழிப்பறைக்குக் கைப்பிடிகள் பொருத்திய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) ஊழியர்கள் (செலவில் 95 விழுக்காடு வரை அரசாங்கமே ஏற்கிறது, தெரியாதவர்கள் விசாரித்துக்கொள்ளுங்கள்), கமோட் நாற்காலிக்கு (மலம் கழிக்க இருக்கையில் துளை வைத்த சக்கர நாற்காலி) மானியம் கேட்க வழிகாட்டிய சமூக ஊழியர், எனக்காக ஷிஃப்ட் மாற்றிக்கொண்ட நண்பர்கள், சிங்கப்பூர்-ஜொகூர் காஸ்வே சாலை நெரிசலைத் தாண்டி ஜொகூரிலிருந்து வந்து வந்து போன அக்கா, இடியாப்பம் அனுப்பிய மேல்மாடிக்காரர்கள்... ஒருவரையும் மறக்கவில்லை.

ஆனால் எதிர்வீட்டு மக்சிக் செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மகன் கழிப்பறைக்குக் கூட்டிப்போவதை அம்மாவால் தாங்க முடியவில்லை. அதைத் தவிர்க்கத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். மாத்திரைக்கு ஒரு மிடறு, அவ்வளவுதான். சிறுநீர்த் தொற்று வரும், மலச்சிக்கல் வரும் என்று தாதி எச்சரித்தார். நான் கெஞ்சினேன். “தாகமே இல்லப்பா” என்பார்.

பார்த்துப்போக வந்த மக்சிக், தொடாமல் இருந்த டம்ளரைப் பார்த்தே புரிந்துகொண்டார். படுக்கையில் விழுந்த கணவரைக் கடைசிவரை வீட்டில் வைத்துப் பார்த்தவர். என்னை வெளியே அனுப்பிவிட்டு அம்மாவிடம் மலாயில் பேசினார். அம்மாவுக்குத் தெரிந்தது மார்க்கெட் மலாய்தான், அதுவே போதுமாக இருந்தது. பிறகு வீட்டுக்குப் போய் ஒரு பழைய பாத்தேக் சாரோங்கை (கைலி) எடுத்துவந்தார்.

கட்டிலிலிருந்து மாற்றும்போது நாற்காலியை அம்மாவின் நல்ல பக்கத்தில் சாய்வாக நிறுத்தி பிரேக் போடுவது, பாதம் தரையில் படிகிறதா என்று பார்ப்பது, மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனியவைப்பது, தளர்ந்த முழங்கால் மடங்காமல் என் முழங்காலால் தடுப்பது, அக்குளில் கை கொடுத்துத் தூக்காமல் இருப்பது (தோள் போய்விடும்), எல்லாம் வார்டிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். சாரோங்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கட்டிலில் இருக்கும்போதே அதை மாட்டி, உள்ளே இருப்பதைக் கழற்றிவிட வேண்டும். கமோட் நாற்காலியில் உட்கார்ந்ததும் பின்பக்கத்தை மட்டும் ஒதுக்கினால் போதும், மடி மூடியே இருக்கும். அப்படியே தள்ளிக்கொண்டுபோய்க் கழிப்பறைத் தொட்டியின் மேல் நிறுத்திவிடலாம்.

இன்னொன்றும் இருந்தது. அம்மாவுக்கு விழுந்தது இடது கை. சோறு பிசைகிற கையால் எப்படிக் கழுவுவது? இதை அம்மா என்னிடம் சொல்லவே இல்லை. மக்சிக்குக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவர் வீட்டு வழக்கமும் அதுதானே. தண்ணீர் பீய்ச்சும் குழாயை வலப்பக்கச் சுவருக்கு மாற்றச் சொன்னார். தண்ணீரே கழுவிவிடும், அப்புறம் துணியால் ஒற்றி எடுத்தால் சரி. கை படவே வேண்டாம்.

அம்மா சாயாமல் நன்றாக உட்காருகிறார் என்பதால், நான் கை எட்டும் தூரத்தில் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கிறேன். இருவரும் ரேடியோ இல்லாத குறைக்கு ஊர்க்கதை பேசுகிறோம். எழுப்பும்போது மலாயில் “சத்து, துவா, தீகா” என்றுதான் எண்ண வேண்டுமாம். ஒன்று, இரண்டு, மூன்று என்றால் அம்மா அசைவதில்லை.

காலையில் இப்போது முழு டம்ளர் தண்ணீர் இறங்குகிறது. எனக்கு அதுவே பெரிய விஷயம். கைப்பிடிக்கும் நாற்காலிக்கும் உதவி கேட்க இடம் இருக்கிறது. கூச்சத்தை யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. நம் புளோக்கில் இன்னொரு மகனுக்கு இப்படி ஒரு நிலைமை வந்தால் என் கதவைத் தட்டட்டும். இரவு எத்தனை மணி என்றாலும் வந்து செய்துகாட்டுகிறேன்.

மக்சிக் காசு வாங்கமாட்டார், சாரோங்கையும் திருப்பி வாங்கமாட்டேன் என்கிறார். தீபாவளிக்கு அம்மா தட்டு நிறைய முறுக்கு கொடுத்தனுப்புவது வழக்கம். இந்த வருஷம் பிழியப்போவது நான். கடினமாக இருந்தால் காப்பியில் தோய்த்துச் சாப்பிடுங்கள், மக்சிக்.