'ஸ்ட்ரீம்' என்றால் ஓடை மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இதழின் மாணவர் பகுதியில் ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் தரும் பத்தியை, என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். ஆனால் சென்ற வாரம் 'ஸ்ட்ரீம்' என்பதற்கு 'ஓடை' என்று மட்டும் போட்டு முடித்துவிட்டீர்கள். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "தைப்பூசத்தன்று பக்தர்கள் தண்ணீர்மலைக்கு ஓடையாக வந்தார்கள்" என்று எழுதிக்கொண்டு வந்து நிற்கிறாள்! ஆங்கிலத்தில் கூட்டத்துக்கும் கண்ணீருக்கும் அந்த ஒரே சொல் போதும். நமக்கோ கூட்டம் சாரை சாரையாக வரும், கண்ணீர் தாரை தாரையாக வழியும். இதைச் சொல்லித் தர வேண்டாமா?

தாவரவியல் பூங்கா வழியாக இறங்கி சுங்கை பினாங்கில் கலக்கிறதே, அது ஓடைதான். பக்கத்துக் கோயில் பூசையை வெளியூர்க்காரர்கள் கைப்பேசியில் பார்ப்பது நேரலை. முழுப் படமும் இறங்கி முடியும்வரை காத்திராமல், வர வர ஓடிக்கொண்டே இருப்பதால் அதற்கும் 'ஸ்ட்ரீம்' என்று பெயர்.

பள்ளியில் 'சயன்ஸ் ஸ்ட்ரீம்' என்றால் அறிவியல் பிரிவு. மலாயிலும் 'அலிரான் சாயின்ஸ்' என்றுதான் சொன்னார்கள். அலிரான் என்றாலும் ஓட்டம்தான். 1977இல் நம் பினாங்கில் தொடங்கிய சமூக இயக்கத்தின் பெயரும் அதுவே. நான்காம் படிவத்தில் இந்தப் பிரிவு முறையை 2020இல் எடுத்துவிட்டுப் பாடத் தொகுப்புகளைக் கொண்டுவந்தார்கள். இருந்தாலும் விருந்துகளில் "பையன் எந்த ஸ்ட்ரீம்?" என்ற விசாரணை இன்னும் ஓயவில்லை.

தங்கள் வணிகப் பக்கத்தில் வரும் 'அப்ஸ்ட்ரீம்', 'டவுன்ஸ்ட்ரீம்' இரண்டையும் சேர்த்திருக்கலாம். கடலடியில் எண்ணெய் தோண்டி எடுப்பது முன்னது. சுத்திகரித்து விற்பது பின்னது. ஹுலு பேராக், ஹிலிர் பேராக் என்ற ஊர்ப் பெயர்களைக் காட்டினால் ஆற்றின் மேல்பகுதி, கீழ்ப்பகுதி என்று பிள்ளைகள் சட்டெனப் பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்த வாரம் 'கரண்ட்' என்று அறிவித்திருக்கிறீர்கள். தயவுசெய்து 'மின்சாரம்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். வங்கியில் அது நடப்புக் கணக்கு. பத்து பெரிங்கிக் கடலில் குளிக்கப் போகும் பிள்ளைக்கோ, 'நீரோட்டம்' என்ற பொருள்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஜெலுத்தோங், பினாங்கு