உரம்தானே என்று நினைத்து, சொல்லாமல் பறக்காதீர்கள்

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் ட்ரோன் வாடகைக்கு விடும் குழுக்களுக்கும், அதை இயக்கும் தம்பிமார், அம்மணிகளுக்கும்,

வணக்கமுங்க.

ட்ரோன் மேல் எனக்குக் கோபமில்லை. தெளிக்க ஆள் கிடைக்காத ஊர் இது; இருந்தவர்களும் திருப்பூர் பனியன் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் நெல்லுக்கு நானோ யூரியா என்கிற திரவ உரம் அடிக்க உங்களைக் கூப்பிட்டது நியாயம்தான். (45 கிலோ யூரியா மூட்டையை அரை லிட்டர் பாட்டிலில் அடைத்துவிட்டதாகச் சொல்வதில் எனக்கு முழு நம்பிக்கையில்லை. அது வேறு கதை.)

வரப்புக்கு இந்தப் பக்கம் என் மல்பெரி; நான் வளர்க்கும் பட்டுப்புழுவுக்குத் தழை அதுதான். அன்றைக்குப் புழு நாலாவது தோலுரித்து, ஐந்தாம் பருவத்தில் மூன்றாம் நாள். ராப்பகலாகத் தழை தின்னும் நேரம். சாயங்காலம் வெட்டிப் போட்ட தழையைத் தின்றவை, விடிவதற்குள் தலையைத் தூக்கி ஆட்டி, பச்சையாகக் கக்கி, சுருங்கிக் கிடந்தன. மழை மாதிரி சலசலக்கும் புழுமனையில் சத்தமே இல்லை.

"யூரியாவுக்கா புழு சாகும்?" என்று எல்லோரும் என்னையே கேட்டார்கள். டேங்க்கில் முந்தின நாள் என்ன இருந்ததென்று ட்ரோன் இயக்கிய பெண்ணைக் கேட்டேன். "குருத்துப்பூச்சி மருந்துங்ண்ணா. தண்ணி விட்டு அலசிட்டுத்தானுங்க கொண்டாந்தோம்." அந்த அம்மணி பொய் சொல்லவில்லை. ஒரு அலசு போதுமென்றுதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் கலக்கும் மருந்தை, ட்ரோனில் 10 லிட்டரில் கலக்கிறீர்கள். இருபது மடங்கு கெட்டி. குழாயிலும் நாசிலிலும் தங்கும் சொட்டும் அதே கெட்டிதான். மறுநாள் உரத்தோடு அதுவும் பறக்கிறது. காற்றுக்கு வரப்பு தெரியாது.

ஆகாய வழியாக மருந்து அடித்தால் 24 மணி நேரம் முன்பே ஊருக்கு அறிவிக்கச் சொல்லி 1971-ம் வருடத்துப் பூச்சிக்கொல்லி விதிகளிலேயே இருக்கிறது. உரமென்றால் யாரும் வாய் திறப்பதில்லை.

உரத்துக்குத் தனி டேங்க், தனி நாசில் வையுங்கள். முடியாவிட்டால் சோப்புத் தண்ணீர் ஓட்டி மூன்று முறையாவது கழுவுங்கள். கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விடாதீர்கள். கடைசியாக என்ன ஊற்றினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, கேட்டால் காட்டுங்கள். மல்பெரிக்காரர்களுக்கு முந்தின நாள் மத்தியானமே ஒரு போன் போடுங்கள். இரண்டு வேளைத் தழையை வெட்டி ஈரச்சாக்குப் போட்டு மூடி வைத்துக்கொள்வோம். வரப்போரத்து வரிசைகளை விட்டுவிடுவோம். அந்த நஷ்டம் எங்களுடையதாகவே இருக்கட்டும்.

வருகிற 15-ம் தேதி எனக்கு அடுத்த புழு இறங்குகிறது. அண்ணன் வயலுக்கு இரண்டாம் தெளிப்பும் அதையொட்டித்தான் என்று கேள்வி. எந்த நாள், எத்தனை மணிக்குங்க?

இப்படிக்கு,
வரப்புக்கு இந்தப் பக்கத்து மல்பெரிக்காரன்