கையில் இருப்பதும் போய்விடுமோ

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மறுநாளே கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து பேப்பர் கேட்டார்கள் என்று எழுதியிருந்தாய், படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடச் சொல். பெரியவள் பிசியோதெரபி சேர்ந்தது பற்றித் தனியாக எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். பையன் கல்லூரி இரண்டாம் வருஷம், லீவுக்கு வந்திருக்கிறான், பகல் முழுக்கத் தூக்கம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். இந்த வருஷம் (2025) அக்டோபரில் ஆரம்பித்து 43 நாள் அமெரிக்க அரசாங்கத்தையே இழுத்து மூடினார்களே, மருத்துவ இன்சூரன்ஸ் மானியத்துக்காகவா, அவ்வளவு பணம் உள்ள நாட்டில் இதை ஏன் இன்னும் தீர்க்க முடியவில்லை என்று கேட்டிருந்தாய். யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று நானும் காத்துக்கொண்டுதான் இருந்தேன். அதனால் கடிதம் நீளும், பொறுத்துக்கொள்.

ஆமாம், அதற்காகத்தான். 2010-ல் ஒபாமா கொண்டுவந்த சட்டத்தில், வேலை செய்யும் கம்பெனி மூலம் இன்சூரன்ஸ் கிடைக்காதவர்கள் தாங்களே வாங்கிக்கொள்ள ஒரு சந்தை திறந்தார்கள், வருமானத்துக்குத் தகுந்தபடி அரசு மானியம் தரும். கோவிட் சமயத்தில், 2021-ல், அந்த மானியத்தை உயர்த்தி, நடுத்தரமான ஒரு பாலிசிக்கு யாரும் வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டாம் என்று ஆக்கினார்கள். அந்த ஏற்பாட்டுக்குக் கெடு இந்த டிசம்பர் 31. அதை நீட்டித்தால்தான் பட்ஜெட்டுக்கு ஓட்டுப் போடுவோம் என்று எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சி மறித்தது. கடைசியில் கிடைத்தது, நூறு பேர் கொண்ட மேல்சபையான செனட்டில் ஒரு ஓட்டெடுப்பு நடத்துகிறோம் என்ற வாக்கு மட்டும். டிசம்பர் 11 அன்று நடத்தினார்கள். நீட்டிக்க வேண்டும் என்று 51 பேர், வேண்டாம் என்று 48 பேர். தோற்றுவிட்டது! ஏனென்றால் அங்கே பெரும்பாலான மசோதாக்களுக்கு விவாதத்தை முடித்து ஓட்டெடுப்புக்குப் போகவே 60 பேர் வேண்டும். குடியரசுக் கட்சி கொண்டுவந்த மாற்று மசோதாவுக்கும் அன்றைக்கே அதே 51-க்கு 48, அதுவும் தோல்வி.

இதன் அர்த்தம் என்னவென்று எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். நாலு வீடு தள்ளி ஒரு கணவன் மனைவி, இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயசு, பழைய மரச்சாமான்களைப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார்கள். ஜனவரியிலிருந்து இரண்டு பேர் உள்ள குடும்பம் வருஷத்துக்கு 84,600 டாலரைத் தாண்டினால் ஒரு டாலர்கூட மானியம் கிடையாது. இவர்களுடைய வருமானம் அதைக் கொஞ்சம் தாண்டுகிறது. மாதம் அறுநூறு டாலர் போலக் கட்டி வந்தவர்கள், இனி இரண்டாயிரத்துக்கும் மேல் கட்ட வேண்டும். போன வாரம் அந்தம்மா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார், கணக்குப் பார்க்க உதவி செய் என்று. வருமானம் என்று கேட்கும் கட்டத்தில் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்கிறார், 86,000, 85,000, அப்புறம் 84,500. அந்தக் கடைசி எண்ணைப் போட்டதும் பிரீமியம் சடாரென்று இறங்குகிறது. என்னைத் திரும்பிப் பார்த்து, வருஷத்தில் ஒரு மாதம் கடையைச் சாத்தி வைத்தால் இதற்குள் வந்துவிடுவோமா என்று கேட்டார். உழைக்கிற மனுஷியை இப்படிக் கேட்க வைக்கிற ஒரு சட்டத்தை என்னவென்று சொல்வது? ஓய்வுக்காலக் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டால் வருமானம் குறைத்துக் காட்டப்படும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்பினேன். அதற்கும் முதலில் கையில் பணம் வேண்டும்.

இப்போது நீ நினைப்பாய், அப்படியானால் அவர்கள் மானியம் தருகிற கட்சிக்குத்தானே ஓட்டுப் போடுவார்கள் என்று. இல்லை. அவருடைய கணவர் 2010-லிருந்து இந்தச் சட்டத்தை ஒழிப்போம் என்று சொன்னவர்களுக்கே ஓட்டுப் போட்டு வருகிறார். மனுஷன் விவரம் தெரியாதவர் இல்லை, அவரோடு மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். இப்போது இருக்கும் பாலிசி பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று ஒபாமா திரும்பத் திரும்பச் சொன்னார். 2013-ல் புது விதிகளுக்குப் பொருந்தாத பாலிசிகள் லட்சக்கணக்கில் ரத்தாயின. அப்படி ரத்தானதில் ஒன்று இவருடையது. அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறார். புதுப் பாலிசி பழையதை விட நல்லதுதான் என்று மனைவி சொல்கிறார், இவர் காதில் அது ஏறவே இல்லை. என்னிடம் இருந்ததை என்னைக் கேட்காமல் பிடுங்கினார்கள், அவ்வளவுதான் அவருக்கு.

என் கோபமெல்லாம் முதலில் அரசியல்வாதிகள் மேல்தான் இருந்தது. இப்போது ஜனங்களின் மேலும் இருக்கிறது, ஆனால் அவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று தோண்டப் போனால் எண்பது வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. 1942-ல் யுத்தத்துக்காகச் சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். ஆள் கிடைக்காத கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதில் மருத்துவக் காப்பீடு தருகிறேன் என்று இழுத்தன. 1954-ல் அதற்கு வரியும் கிடையாது என்று சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். அதோடு வேலையும் வைத்தியமும் ஒன்றாகக் கட்டப்பட்டுவிட்டன. நடுவில் 1945-ல் அதிபர் ட்ரூமன் எல்லோருக்கும் தேசியக் காப்பீடு என்று கேட்டார், டாக்டர்கள் சங்கமே எதிர்த்துத் தோற்கடித்தது. இருபது வருஷம் கழித்து, 1965-ல், அதிபர் ஜான்சன் மெடிகேர் என்ற முதியோர் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்துப் போட மிசௌரியில் ட்ரூமனின் ஊருக்கே போனார். பெரிய சாதனை, நான் மறுக்கவில்லை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அதன்படி கிடைத்தது, பரம ஏழைகளில் சிலருக்கு மெடிகெய்டு என்ற அரசுக் காப்பீடு, வேலையில் இருப்பவர்களுக்குக் கம்பெனி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பங்கு கிடைத்துவிட்டது. பங்கு கிடைக்காதவர்கள் எப்போதும் சிறுபான்மை, அவர்களுக்காக ஏதாவது செய்யப் போனால் மற்ற எல்லோருக்கும் வருகிற முதல் பயம், கையில் இருப்பதும் போய்விடுமோ என்பது. 1993-ல் அதிபர் கிளின்டன் எல்லோருக்கும் காப்பீடு என்று திட்டம் கொண்டுவந்தபோது காப்பீட்டுக் கம்பெனிகள் எடுத்த டிவி விளம்பரம் அந்தப் பயத்தைத்தான் ஊதிவிட்டது. சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒரு தம்பதி பில்லைப் பார்த்துக் கவலைப்படுவார்கள், அவ்வளவுதான். மறு வருஷமே திட்டம் செத்துப்போனது.

அந்தப் பயம் ஒரு பக்கத்துக்கு மட்டும் வேலை செய்வதில்லை என்பதுதான் எனக்கு ரொம்ப வருஷம் புரியாமல் இருந்தது. 2017-ல் குடியரசுக் கட்சியினர் வெள்ளை மாளிகை, செனட், பிரதிநிதிகள் சபை மூன்றையும் வைத்துக்கொண்டு ஒபாமா சட்டத்தை ரத்து செய்யக் கிளம்பினார்கள். அதே வருஷம் ஏப்ரலில் கேலப் கருத்துக்கணிப்பில் அந்தச் சட்டத்துக்கு முதன்முறையாகப் பாதிக்கு மேல் ஆதரவு! ஏழு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தவர்கள், பிடுங்க வருகிறார்கள் என்றதும் எம்.பி.க்களின் கூட்டங்களுக்குப் போய்க் கத்தினார்கள். ஜூலை 28 விடியற்காலை குடியரசுக் கட்சியின் செனட்டரான ஜான் மெக்கெய்னே கட்டை விரலைக் கீழே காட்டி ஒரு ஓட்டில் அதைக் காப்பாற்றியதை நான் தூங்காமல் பார்த்தேன். அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். ஆனால் யோசித்துப் பார், முன்னே போகப் பார்த்தாலும் தடுப்பார்கள், பின்னே போகப் பார்த்தாலும் தடுப்பார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் அப்படியே கிடக்க வேண்டியதுதான்.

அப்படிக் கிடப்பவர்கள் டெக்சாஸில் அதிகம். ஒபாமா சட்டத்தின்படி மாநிலங்கள் மெடிகெய்டை இன்னும் நிறைய ஏழைகளுக்கு விரிவாக்கியே ஆக வேண்டும் என்று இருந்தது. 2012-ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்யாமல், இந்த ஒரு விஷயத்தை மட்டும் மாநிலத்தின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டது. 40 மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன, 10 இன்னும் இல்லை, அதில் எங்கள் மாநிலம் ஒன்று. இதனால் வந்த கோளாறைக் கேள். சந்தையில் மானியம் பெற வறுமைக் கோட்டளவாவது வருமானம் இருக்க வேண்டும், அதற்குக் கீழே இருப்பவர்களை மெடிகெய்டு பார்த்துக்கொள்ளும் என்று எழுதிய சட்டம் அது. மெடிகெய்டு விரியாததால், ரொம்ப ஏழை என்பதாலேயே ஒருவருக்கு மானியம் கிடையாது! பிள்ளை இல்லாத, ஊனமில்லாத ஒரு கூலித் தொழிலாளிக்கு இங்கே இரண்டு வழியும் அடைப்பு. மிசௌரியிலும் ஓக்லஹோமாவிலும் 2020-ல் நேரடியாக ஜனங்களிடமே கேட்டார்கள், விரிவாக்கு என்று ஓட்டுப் போட்டார்கள். அதே ஜனங்கள்தான் அதை எதிர்ப்பவர்களை எம்.எல்.ஏ.வாகவும் கவர்னராகவும் தேர்ந்தெடுக்கிறார்கள். டெக்சாஸில் மக்களே மனு கொடுத்து அப்படி ஓட்டெடுப்பு நடத்த வழியே இல்லை.

எனக்கு ஆத்திரம் பொங்குவது ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். நம்ம ஊர்க்காரர்கள், வடக்கத்தியர், வெள்ளைக்காரர் எல்லோரும் இருப்போம். இந்தப் பேச்சு எடுத்தால் "எனக்கு கம்பெனி இன்சூரன்ஸ் நல்லா இருக்கு" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். என்ன நல்லா இருக்கிறது? இந்த வருஷம் கம்பெனி வழியாக ஒரு குடும்பத்துக்கு ஆகும் சராசரி பிரீமியம் 26,993 டாலர். அதில் நம் சம்பளச் சீட்டில் தெரிவது நாலில் ஒரு பங்கு. மீதியைக் கம்பெனி தருகிறது என்று நினைத்துக்கொள்கிறோம், அது நமக்குச் சம்பளமாக வந்திருக்க வேண்டிய காசு. போன வருஷம் என் மனைவி வேலையிடத்தில் மயங்கி விழுந்தபோது ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி எங்கள் இன்சூரன்ஸ் ஒப்பந்தம் வைத்திருக்கும் நெட்வொர்க்கில் இருந்தது, ஆம்புலன்ஸ் இல்லை. இரண்டு வாரத்தில் இன்சூரன்ஸிலிருந்து ஒரு தாள், மேலே பெரிய எழுத்தில் "இது பில் அல்ல", கீழே மொத்தம், தள்ளுபடி, ஏற்றுக்கொண்ட தொகை, நீங்கள் கட்ட வேண்டியிருக்கலாம் என்று நாலு கட்டம். மாதக்கணக்கில் போனில் மல்லுக்கட்டினேன். எதிர்பாராத பில்லைத் தடுக்க 2022-ல் அமலுக்கு வந்த சட்டத்தில், தரையில் ஓடும் ஆம்புலன்ஸை மட்டும் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஹெலிகாப்டருக்குப் பாதுகாப்பு உண்டு, ஆம்புலன்ஸ் வண்டிக்கு இல்லை. அந்தச் சாப்பாட்டு மேஜையில் இருக்கும் யாரும் இப்படி ஒரு தாளைப் பார்க்காதவர் இல்லை. ஆனாலும் நல்லா இருக்கு என்பார்கள், ஏனென்றால் வேலையை விட்டால் இதுவும் இல்லை.

கட்சிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒழித்துவிட்டு நல்லதாக ஒன்று தருவோம் என்று குடியரசுக் கட்சி சொல்ல ஆரம்பித்துப் பதினைந்து வருஷம் ஆகிறது, அந்த நல்லது எது என்று இன்றுவரை முழுசாகக் காட்டவில்லை. இந்த ஜூலையில் நிறைவேற்றிய சட்டத்தில் மெடிகெய்டை வெட்டினார்கள், அந்தச் சட்டத்தால் 2034-க்குள் ஒரு கோடிப் பேர் காப்பீடு இல்லாமல் போவார்கள் என்று காங்கிரஸின் சொந்த பட்ஜெட் அலுவலகமே கணக்குச் சொல்லியிருக்கிறது. ஜனநாயகக் கட்சி ஒன்றும் சளைத்ததில்லை, 2022-ல் தங்கள் கையில் அதிகாரம் இருந்தபோது இந்த மானியத்தை நிரந்தரமாக்காமல் மூன்று வருஷத்துக்கு மட்டும் நீட்டினார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் இன்னொன்றும் நடந்தது. தனியார் இன்சூரன்ஸ் உள்ளவர்களுக்கும் இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகக் கூடாது என்ற விதிக்கு செனட்டில் 57 பேர் ஆதரவு, அதில் ஏழு பேர் குடியரசுக் கட்சிக்காரர்கள். 43 பேர் எதிர்ப்பு. மூன்று ஓட்டுக் குறைந்ததால் விதி போனது. கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டுப் போன மருந்து மாப்ளே அது. ஊரில் யாரைக் கேட்டாலும் வேண்டும் என்று சொல்கிற ஒரு காரியம், ஒரு சபையின் நடைமுறை விதியால் நின்றுபோகிறது. அந்த 60-ஐ எடுத்தால் எதிர்க்கட்சி வந்து எல்லாவற்றையும் அழித்துவிடும் என்கிறார்கள். அழிக்க வந்தால் என்ன நடக்கும் என்று 2017-ல்தான் பார்த்தோமே. எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இப்போதைய நிலவரம், பிரதிநிதிகள் சபையில் ஓட்டெடுப்பு கேட்கும் மனுவில் நாலு குடியரசுக் கட்சிக்காரர்கள் கையெழுத்துப் போட்டதால் மானியத்தின் மூன்று வருஷ நீட்டிப்பு ஜனவரியில் ஓட்டுக்கு வர வேண்டும். அங்கே ஜெயித்தாலும் செனட்டில் மறுபடி அதே 60. எங்கள் செனட்டர்களின் அலுவலகத்துக்கு நானும் என் மனைவியும் போன் போட்டுக்கொண்டே இருக்கிறோம், அங்கே ஒரு சின்னப் பையன் பெயரையும் பின்கோடையும் குறித்துக்கொள்கிறான். மரச்சாமான் கடைக்காரரையும் போன் போட வைத்துவிட்டேன், அவருக்கு அதில் விருப்பமே இல்லை, மனைவிக்காகப் பேசினார். பாலிசி எடுக்க ஜனவரி 15 வரை டைம் இருக்கிறது. மனைவிக்கு மட்டும் எடுத்துவிட்டு, தான் 65 ஆகும்வரை சும்மா இருந்துவிடுகிறேன் என்று அவர் சொல்கிறார். அவருக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. வேண்டாம் என்று நானும் சொல்லிப் பார்க்கிறேன்.

அம்மாவுக்கு அடுத்த கண்ணையும் எப்போது பண்ணப் போகிறீர்கள், எழுது. பெரியவளிடம் ஒரு நாள் போன் பேசச் சொல், ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ராத்திரி என்றால் எனக்குத் தோது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்
ஹூஸ்டன், டிசம்பர் 2025