மலையிலிருந்து இறங்கும் மெஷின்

பூம்பாறை
மாசி 5

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மா கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடக்கிறார்கள் என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே எல்லோரும் நலம். பூண்டுக்கு இரண்டாவது களை எடுத்து முடித்தோம். மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். ராத்திரிக் குளிருக்கு அடுப்படியை விட்டு நகர மாட்டேன் என்கிறாள்.

மரம் அறுக்கும் உன் பெரிய மெஷினில் பிஸ்டன் பிடித்து நின்றுவிட்டது என்று எழுதியிருந்தாய். கரி மூட்டம் போடுகிற நேரத்தில் இப்படி ஆனது பெரிய கஷ்டம்தான். மூன்று வருடம் முன்னால் நீ எனக்குக் கொடுத்தாயே அந்த 45 சி.சி. பவர் ஷா, அதை வெள்ளிக்கிழமை உன் தம்பி மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். வேலை முடிகிற வரை வைத்துக்கொள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்: கமுதியில் இறக்கியதும் கயிற்றை இழுத்து ஓட்டிப் பார்த்துவிடாதே. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு அப்புறம் தொடு. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்றுதான் எழுதுகிறேன்.

அது இப்போது மலைக்காற்றுக்குப் பழகிய மெஷின். நீ கொடுத்தபோது உன் ஊரில் கச்சிதமாக ஓடியது. இங்கே வந்த முதல் வாரம் ஒரே புகை. மரத்தில் வைத்தால் திணறும். பிளக்கைக் கழற்றினால் கரியும் ஈரமுமாக இருக்கும். பூம்பாறை கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் உயரம். கீழே இருப்பதைவிட இங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டர் பழைய கணக்கிலேயே பெட்ரோலை விடுகிறது, ஆனால் அதை எரிக்கப் போதிய காற்று இல்லை. பாலிடெக்னிக் நாட்களில் உன் அண்ணனுடைய ஆர்.எக்ஸ். 100 பைக்கின் பிளக்கைக் கழற்றி வெயிலில் காட்டி நிறம் பார்ப்போமே, அதே பாடம்தான். கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, காப்பிப்பொடி நிறம் வந்தால் சரி.

அதனால் கார்பரேட்டரில் ‘எச்’ என்று போட்டிருக்கும் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே திருப்பி வைத்தேன். முழு வேகத்தில் ஓடும்போது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது அதுதான். இதே நிலையில் அங்கே ஓட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். காற்று அடர்த்தியாகிவிடும், பெட்ரோல் போதாது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதானே வருகிறது. பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும், வழுக்கலும் அதே நேரத்தில் குறையும். இரண்டும் சேர்ந்தால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். ஒரு கட்டையை அறுத்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

உன் பெரிய மெஷினுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். மெக்கானிக் டியூன் பண்ணிக் கொடுத்த பிறகு விசில் மாதிரி கத்தியது, வேகமும் கூடியது, நான்காம் நாள் நின்றது என்று எழுதியிருந்தாயே. பெட்ரோல் குறைந்த எஞ்சின் நிற்பதற்கு முன்னால் அப்படித்தான் உற்சாகமாகக் கத்தும். அதைக் கேட்டு மெஷின் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். எனக்கு மனசு கேட்கவில்லை, மாப்ளே. அது நீ இரண்டு சீசன் மிச்சம் பிடித்து வாங்கியது.

ஆகவே முதல் வேலை, ஸ்டார்ட் பண்ணும் முன்பே ‘எச்’ ஸ்க்ரூவை இடப்பக்கமாக அரைச் சுற்று வெளியே எடு. இங்கே ஜாக்கிரதை. ஆர்.எக்ஸ். 100-இல் நாம் திருப்பியது காற்று ஸ்க்ரூ. உள்ளே போனால் பெட்ரோல் விகிதம் கூடும். இது பெட்ரோல் ஸ்க்ரூ. உள்ளே போனால் குறையும். பழைய பழக்கத்தில் கை எதிர்ப்பக்கம் போய்விடக் கூடாது. அரைச் சுற்று கொஞ்சம் அதிகமாகவே இருக்கட்டும். புகைந்தால் பரவாயில்லை, அங்கிருந்து மெல்ல உள்ளே வரலாம். இரண்டு நிமிடம் சூடாக்கிவிட்டு, மரத்தில் வைக்காமல் ஒரு நொடி முழு த்ராட்டில் கொடு. சத்தத்தில் ஒரு கரகரப்பு, தொண்டை கட்டினது போல, இருக்க வேண்டும். பிறகு கட்டையில் வை. பாரம் ஏறியதும் கரகரப்பு மறைந்து சத்தம் சீரானால் அதுதான் இடம். மரத்திலும் கரகரத்தால் மயிரிழை உள்ளே திருப்பு. காலியாக ஓடும்போதே சத்தம் சுத்தமாக இருந்தால் உடனே வெளியே எடு. த்ராட்டில் கொடுக்காமல் ஐட்லிங்கில் ஓடும்போது செயின் சுற்றக் கூடாது, சுற்றினால் ‘எல்.ஏ.’ ஸ்க்ரூவை இடப்பக்கம் திருப்பிக் குறை.

பெட்ரோல் ஒரு லிட்டருக்கு 20 மில்லி ஆயில், அதாவது 50-க்கு 1. செயின் ஷாவுக்கென்று விற்கும் டூ டி ஆயில் ஒரு குப்பி பையில் இருக்கிறது. பயத்தில் கூடுதலாக ஊற்றாதே. அதே துளை வழியாகத்தான் இரண்டும் வர வேண்டும். ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அது ஈரத்தை இழுக்கும். நாலைந்து நாள் வேலை இல்லை என்றால் டேங்கை வடித்துவிட்டு, தானாக நிற்கும் வரை ஓட்டி வை.

அடுத்தது, சைலன்சர் வாயை அகலமாக்கியிருக்கிறாயா என்று நீ கேட்ட விஷயம். ஆமாம், இந்த மெஷினில் செய்திருக்கிறேன். சத்தம் குறைய வேண்டும் என்று கம்பெனியில் வாயைச் சின்னதாக வைக்கிறார்கள், புகை வெளியேறத் திணறும். வாயைக் கொஞ்சம் அகலமாக்கி, உள்ளே படிந்த கரியைச் சுரண்டி எடுத்தேன். தீப்பொறியைத் தடுக்கும் கம்பி வலையைச் சுத்தம் பண்ணித் திரும்பவும் போட்டுவிட்டேன். அதை எடுத்துவிட்டால் இன்னும் பலம் வரும் என்று இங்கே சிலர் சொன்னார்கள். மாசி பங்குனியில் இந்த மலையில் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று பார்த்தவன் அதைச் செய்ய மாட்டான். உன் கருவேலங்காட்டிலும் அப்படித்தானே. வாயைத் திறந்த பிறகு பெட்ரோலை மறுபடி கூட்ட வேண்டியிருந்தது, அதையும் கவனித்துக்கொள். சத்தமும் ஏறியிருக்கிறது, காதுக்கு மூடி இல்லாமல் ஓட்டாதே.

இவ்வளவுக்கும் கிடைத்த பலன் என்ன? ஒரே தடிமனில் பத்து அங்குல வாட்டில் மரக் கட்டைகளை வைத்து மகளை நேரம் பார்க்கச் சொன்னேன். மழுங்கிய செயினில் 25 நொடி. அதே செயினை அரம் போட்ட பிறகு 11. சைலன்சர் வேலை முடிந்து 9. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சைலன்சரில் செலவழித்து இரண்டு நொடி சம்பாதித்தேன். கால் மணி நேர அரம் பதினாலு நொடி கொடுத்தது. உன் பெரிய மெஷின் ரிப்பேராகி வந்தால் அதன் சைலன்சரைத் தொடாதே என்றுதான் சொல்வேன்.

அரத்தைப் பற்றி உனக்குச் சொல்வது எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் இதை நான் புரிந்துகொண்டதே உன் அப்பாவை நினைத்துத்தான். அவர் திண்ணையில் இழைப்புளி போடும்போது சுருள் சுருளாக விழுமே, அதைப் பொறுக்கி வளையல் செய்வோமே. செயினில் இருக்கும் ஒவ்வொரு பல்லும் ஒரு குட்டி இழைப்புளி. முன்பெல்லாம் பவர் ஷா செயினுக்கு ரம்பம் மாதிரிதான் பல் இருந்ததாம். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரம்வெட்டி, 1946-இல் ஒரு வண்டுப்புழு மரத்தைக் குடைவதை உட்கார்ந்து கவனித்திருக்கிறார். நார் ஓடும் திசையிலும் குறுக்கேயும் அது ஒரே மாதிரி தின்றுகொண்டு போகிறது. தாடை இரண்டும் பக்கவாட்டில் மாறி மாறிச் சீவுகின்றன. அதைப் பார்த்து அவர் செய்த செயின் 1947-இல் விற்பனைக்கு வந்தது. நம் கையில் இருப்பது அந்த வழியில் வந்ததுதான். ஒரு பல் இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாறி மாறி இருப்பதைப் பார்த்தால் புழுவின் தாடை தெரியும்.

பல்லுக்கு முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கிறதல்லவா, பல் எவ்வளவு ஆழம் சீவலாம் என்பதை அதுதான் முடிவு பண்ணுகிறது. இழைப்புளியின் அலகை அப்பா எவ்வளவு வெளியே நீட்டி வைப்பாரோ, அதே கணக்கு. மேடு பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக இருந்தால் பெரும்பாலான வேலைக்குப் போதும். இங்கே பச்சை வாட்டிலுக்காக ஒரு செயினில் இன்னும் சற்றுத் தாழ்த்தியிருக்கிறேன். அது கருவேலத்துக்கு ஆகாது. காய்ந்த கருவேலத்தில் அலகு அதிகம் நீண்டால் பல் கவ்வும், மெஷின் குதிக்கும், கிளட்சும் சூடாகும். உனக்கென்று தனியாக ஒரு செயின் வைத்திருக்கிறேன், சிவப்பு நூல் கட்டியது. மேடு 0.65-இல் இருக்கிறது. கோணம் வழக்கமான 30 டிகிரிக்குப் பதிலாக 25 வைத்தேன். கடின மரத்தில் கூர் கொஞ்சம் நாள் நிற்கும்.

4.8 மில்லி உருட்டு அரம் இரண்டு பையில் இருக்கிறது. உள்ளிருந்து வெளிப்பக்கமாக மட்டும் தள்ளு, திரும்பும்போது தூக்கிவிடு. பல்லுக்கு இரண்டு மூன்று தள்ளு போதும், எல்லாப் பல்லுக்கும் அதே எண்ணிக்கை. ஒரு பக்கம் பல் குட்டையானால் அறுப்பு கோணிக்கொண்டு போகும். டேங்க் நிரப்பும்போதெல்லாம் ஒரு தடவை பார்த்துவிடு. விழுவது சீவலாக இருந்தால் தொடர்ந்து அறு. தூளாக விழுந்தால் அரம் போடு. உங்கள் ஊர்க் கருவேலப் பட்டையில் மண் அப்பியிருக்கும். அறுக்கும் இடத்தில் அரிவாளால் பட்டையைச் செதுக்கிவிட்டு வைத்தால் கூர் இரண்டு மடங்கு நேரம் நிற்கும், இது நான் அங்கே வந்தபோது பார்த்தது.

வண்டி கழிவு ஆயிலை மட்டும் செயின் சுற்றி ஓடும் பாருக்கு ஊற்றாதே, கெஞ்சிக் கேட்கிறேன். அதில் உலோகத் துகள் இருக்கும், பார் பள்ளத்தை அரித்துவிடும். தவிர அத்தனையும் தெறித்து உன் நிலத்தில்தான் விழுகிறது.

அப்புறம் உன் தம்பி மகனைப் பற்றி. பையன் சுறுசுறுப்பு, கற்றுக்கொள்ளும் ஆசையும் இருக்கிறது. இங்கே இரண்டு நாள் என்னோடு அறுத்தான். பார் நுனியின் மேல் பாதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும் என்று காட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் கருவேலம் புதராக வளரும். ஒரு கிளையை அறுக்கும்போது பின்னால் இருக்கும் இன்னொன்றில் நுனி இடிக்கும். வில்லாக வளைந்து நிற்கும் கிளைகளை அறுத்தால் விடுபட்டு அடிக்கும். ஆகவே முதலில் அரிவாளால் சுற்றிலும் வெட்டி ஒதுக்கிவிட்டு, கட்டையைத் தரையில் போட்ட பிறகு அவனிடம் மெஷினைக் கொடு. தோளுக்கு மேல் தூக்கவே விடாதே. முதல் பத்து நாளாவது நீ பக்கத்தில் நில்.

முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது எனக்குப் போன் போட்டு நாலடி தள்ளிப் பிடி. கரகரப்பு சரியாக இருக்கிறதா என்று நான் கேட்டுச் சொல்கிறேன், அதன் பிறகு மரத்தில் வை.

பையின் அடியில் மலைப்பூண்டு இரண்டு கிலோ இருக்கிறது, அம்மாவுக்கு. செயின் ஆயில் கசிந்தால் அதில் படாதபடி குப்பிகளைத் தனியாகக் கட்டியிருக்கிறேன். பூண்டை முதலில் எடுத்து நிழலில் தொங்கவிடச் சொல். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் பழைய அறைத் தோழன்