டப்பா நிறைய இருந்தும் வேண்டிய ஸ்குரூ மட்டும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், சிறு பழுதுகளை வீட்டிலேயே சரிசெய்துகொள்வது பற்றி வெளியான கட்டுரையில், பல அளவு ஸ்குரூக்களும் நட்டு, போல்ட்டுகளும் கலந்த பெட்டி ஒன்றை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளும்படி வாசகர்களுக்கு யோசனை கூறப்பட்டிருந்தது. தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் பிரிவு மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்ற முறையில், அந்த யோசனையோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

அத்தகைய பெட்டிகளில் இருபது வகை இருந்தால் ஒவ்வொன்றிலும் பத்தோ பதினைந்தோதான் இருக்கும். ஒரு அலமாரியின் நான்கு கதவுகளுக்குக் கீல் மாற்றினாலே நமக்கு வேண்டிய வகை தீர்ந்துவிடும்; மூக்குக் கண்ணாடிக்கும் ரேடியோவுக்கும் பொருந்தக்கூடிய பொடி ஸ்குரூக்கள் மட்டும் காலகாலத்துக்கும் அப்படியே கிடக்கும். கழற்றிய ஆணிகளையெல்லாம் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. வகைகள் குறைவாகவும் ஒவ்வொரு வகையும் தாராளமாகவும் இருப்பதே வீட்டுப் பட்டறைக்கு உதவும் கையிருப்பு. எந்த வகைகள் என்பது அவரவர் வீட்டுச் சுவரையும் மரச்சாமான்களையும் பொறுத்தது.

நம் ஊர்களின் செங்கல் சுவர் வீடுகளை எடுத்துக்கொண்டால், படம் மாட்டுவது, சின்ன அலமாரி பொருத்துவது, வயர் பைப்பைப் பிடித்து நிறுத்துவது ஆகிய முக்கால்வாசி வேலைகள் 6 மி.மீ. துளை, அதே அளவு ரால் பிளக் (துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை), 8 நம்பர் 35 மி.மீ. ஸ்குரூ ஆகிய மூன்றிலேயே முடிந்துவிடும். 8 நம்பர் என்பது ஏறத்தாழ 4.2 மி.மீ. தடிமன். இந்த ஒரு அளவில் நூறு உள்ள பாக்கெட்டாக வாங்கிவிடுவது நல்லது. அடுத்தது பிளைவுட் அலமாரிகள். அவற்றின் கீல்களுக்கு 16 மி.மீ. நீளமுள்ள ஸ்குரூ போதும்; 18 மி.மீ. பலகையில் அது மறுபக்கம் எட்டிப் பார்க்காது. ஜிப்சம் பலகைக்கான கறுப்பு ஸ்குரூ மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவோர் உண்டு. அது கடினமாக்கப்பட்ட எஃகு என்பதால், தேக்கு போன்ற மரத்தில் முன்துளை போடாமல் முடுக்கினால் தலை முறிந்து, உடல் உள்ளேயே தங்கிவிடும். குளியலறைப் பக்கம் வைத்தால் சீக்கிரமே துருவும் பிடிக்கும்.

போல்ட் வகையில் எம்6, எம்8 (6, 8 மி.மீ. விட்டமுள்ள மெட்ரிக் போல்ட்டுகள்) ஆகிய இரண்டும் போதும் என்பது என் கருத்து. நீளத்தைக் கணக்கிடும் முறை எளிது. இணைக்கவேண்டிய இரண்டு தகடுகளும் சேர்ந்து 12 மி.மீ. என்றால், எம்6 நட்டுக்கு 5 மி.மீ., இருபுறமும் போடும் வாஷர்களுக்கு 1.6 வீதம் 3.2 மி.மீ., நட்டுக்கு வெளியே தெரியவேண்டிய இரண்டு மூன்று மரைக்கு (திருகுச் சுற்றுக்கு) 2 அல்லது 3 மி.மீ. என்று கூட்டினால் 22, 23 வரும். ஆகவே 25 மி.மீ. போல்ட் வாங்க வேண்டும். அறுகோணத் தலையுள்ள போல்ட்டின் நீளம் தலைக்குக் கீழிருந்தும், பலகைக்குள் அமிழும் தட்டைத் தலை ஸ்குரூவின் நீளம் தலையையும் சேர்த்தும் அளக்கப்படுகிறது என்பதைக் கடையில் நிற்கும்போது நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. போல்ட் ஒன்றுக்கு வாஷர் இரண்டு செலவாகும் என்பதால் எந்தப் பட்டறையிலும் முதலில் தீர்வது வாஷர்தான். அதை இரட்டிப்பாக வாங்கிக்கொள்ள வேண்டும். அதிர்வுள்ள இடங்களுக்கு நைலான் வளையம் வைத்த நட்டு நல்லது. ஆனால் 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கு மேல் அந்த நைலான் தாங்காது என்பதால் அடுப்புப் பக்கம் அதற்கு வேலையில்லை.

வீடுகளில் உண்மையான தொல்லை வேறொன்றால் வருகிறது. 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்துவிட்டபோதிலும், நம் இரும்புக் கடைகளில் இன்றும் இஞ்ச் போல்ட்டும் மில்லிமீட்டர் போல்ட்டும் பக்கத்துப் பக்கத்துத் தட்டுகளில் இருக்கின்றன. இரண்டு நூல் என்றால் கால் இஞ்ச், இரண்டரை நூல் என்றால் பதினாறில் ஐந்து இஞ்ச் என்று மேஸ்திரியும் மெக்கானிக்கும் வாய்க்கணக்காகவே சொல்கிறார்கள். இரண்டரை நூல் போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ.; எம்8 போல்ட்டினுடையது 8 மி.மீ. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய இயலாது. ஆனால் 1841-இல் ஆங்கிலேயப் பொறியாளர் விட்வொர்த் வகுத்தளித்த இஞ்ச் மரையின் கோணம் 55 டிகிரி, மெட்ரிக் மரையின் கோணம் 60 டிகிரி. முன்னதில் ஒரு இஞ்சுக்கு 18 மரை, அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.41 மி.மீ., பின்னதில் 1.25 மி.மீ. ஒன்றின் நட்டை மற்றொன்றில் ஏற்றினால் ஓரிரு சுற்று ஏறிவிட்டு இறுகிக்கொள்ளும். துரு என்று நினைத்து ஸ்பானரைப் போட்டு முறுக்குகிறவர், நட்டு, போல்ட் இரண்டின் மரையையும் ஒரே நேரத்தில் கெடுத்துவிடுகிறார். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. அளவு தெரிந்த போல்ட் ஒன்றையும் சந்தேகமான போல்ட்டையும் மரையோடு மரை படியும்படி சேர்த்துப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே காட்டினால், ஒரே வகையாக இருந்தால் பல்லோடு பல் படிந்து இடையில் வெளிச்சம் தெரியாது. வேறு வகையாக இருந்தால் நான்கைந்து மரைக்குள் விலகல் தெரிந்துவிடும்.

எங்கள் தூத்துக்குடியைப் போன்ற உப்புக்காற்று வீசும் ஊர்களில் உள்ளவர்கள், மொட்டை மாடிக்கும் ஜன்னலுக்கும் துருப்பிடிக்காத எஃகு ஸ்குரூக்களைத் தனியாக வைத்துக்கொள்வது அவசியம். துருப்பிடிக்காத எஃகில் பரவலான 304 ரகம் என்று சொல்லி விற்பதை ஒரு சிறு காந்தத்தால் சோதிக்கலாம். உருட்டித் தயாரிக்கும்போது அந்த ரகத்துக்கும் லேசான ஈர்ப்பு வரக்கூடும். காந்தத்தில் ‘டக்’கென்று ஒட்டிக்கொண்டால் அது 304 அல்ல. இந்த எஃகில் செய்த போல்ட்டும் நட்டும் வேகமாக முடுக்கினால் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நகராமல் போகும் குணமுடையவை என்பதால், ஒரு துளி கிரீஸ் தடவி மெதுவாக ஏற்ற வேண்டும்.

கழற்றிய பழைய சரக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரை தேய்ந்ததையும், திருப்புளி பிடிக்காமல் தலை வட்டமாகிவிட்டதையும் அன்றே பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம். நல்லதை மட்டும் எண்ணெய்த் துணியால் துடைத்து அதனதன் இடத்தில் சேர்க்கலாம். கடுகும் சீரகமும் கலந்துபோன அஞ்சறைப் பெட்டியை எந்தச் சமையலறையிலும் காண முடியாது. பட்டறைக்கும் அந்த ஒழுங்கு வேண்டும். மூடி இறுக்கமாக உள்ள கண்ணாடிப் பாட்டில்களே போதும். எவ்வளவு மீதம் இருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிவதால், தீர்வதற்கு முன்பே வாங்கிக்கொள்ளலாம். வாகனத்திலிருந்து கழற்றிய போல்ட்டுகளை மட்டும் இவற்றோடு கலக்கக் கூடாது. தலையில் 8.8 என்று பொறித்த போல்ட், சதுர மி.மீ.க்கு 800 நியூட்டன் இழுவிசையைத் தாங்குவது, 4.6 என்றால் 400. இரண்டும் ஒரே ஸ்பானருக்குப் பொருந்தும் என்பதால் மாறிப்போவது எளிது.

எல்லாவற்றையும் வாங்கி அடுக்க வேண்டியதில்லை. வாட்டர் ஹீட்டரைத் தாங்கும் ஆங்கர் போல்ட்டை வேலை வரும்போது வாங்கிக்கொள்ளலாம். குக்கர் கைப்பிடி ஸ்குரூ கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழையதைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குவதே வழி. ஆனால் சீலிங் ஃபேன் தண்டின் போல்ட்டில் செருகும் காட்டர் பின் (நுனிகளை விரித்து மடக்கும் இரட்டைக்கால் ஊசி) நான்கைந்தாவது எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும். ஃபேனைக் கழற்றி மாட்டும்போது அது உடைந்துவிட்டால் கட்டுக்கம்பியை முறுக்கிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். தலைக்கு மேல் சுழலும் பொருளுக்கு அது போதாது.

தங்கள் நாளிதழ் வழியாக இரும்புக் கடை உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். சில்லறையாக எண்ணிக் கொடுக்கும்போது, அந்தக் காகித உறையின் மேல் இஞ்சா மில்லிமீட்டரா என்பதையும் விட்டத்தையும் நீளத்தையும் பேனாவால் எழுதிக் கொடுங்கள். உங்களிடம் வரும் மொத்தப் பெட்டியில் இவை அச்சிட்டே வருகின்றன; எங்கள் கைக்கு வரும்போதுதான் அது காணாமல் போகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்,
தூத்துக்குடி.