உலக வரலாறு நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

இங்கிலாந்து வரலாறு என்றால் நம் வகுப்புகளில் பெரும்பாலும் ஒரே வரிசைதான்: 1215-இல் மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனம், 1649-இல் மன்னர் முதலாம் சார்லஸுக்கு மரணதண்டனை, 1688-இல் இரத்தமில்லாப் புரட்சி. மூன்றிலும் முன்னால் நிற்பவர்கள் பிரபுக்களும் நாடாளுமன்றத்தாரும். ஏர் பிடித்தவர்கள் எழுந்த 1381-உம் 1549-உம் 'விவசாயிகள் கலகம்' என்ற ஒற்றை வரியோடு போய்விடுகின்றன. அவற்றுக்கு ஒரு பாடவேளையாவது ஒதுக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

1348-இல் வந்த கொள்ளைநோய்க்குப் பிறகு ஆள் பற்றாக்குறையால் கூலி ஏறியது. பழைய கூலிக்கே உழைக்க வேண்டும் என்று 1351-இல் சட்டம் போட்டார்கள். அப்புறம் பிரான்சுடனான போருக்காகத் தலைவரி, நான்கே ஆண்டுகளில் மூன்று முறை. முதல் முறை தலைக்கு 4 பென்ஸ். மூன்றாம் முறை 12. வரி கட்டாமல் தப்பியவர்களைத் தேடி 1381-இல் அதிகாரிகள் எசெக்ஸ் கிராமங்களில் நுழைந்ததும் கலகம் பற்றிக்கொண்டது.

எழுந்தவர்கள் ஊர் ஊராகத் தேடி எரித்தவை பண்ணைப் பதிவேடுகள். யார் யாருக்கு அடிமை, யார் எத்தனை நாள் இலவசமாக உழைக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தோலேடுகளில்தான் இருந்தது. இதைச் சொல்லாமல் அவர்களை வெறிக்கும்பல் என்று நடத்துவது அநியாயம். லண்டனில் ஃபிளெமிஷ் குடியேறிகளை (இன்றைய பெல்ஜியப் பகுதியிலிருந்து வந்தவர்களை) அவர்கள் இழுத்துவந்து கொன்றதும் நடந்ததுதான், அதையும் மறைக்காதீர்கள்.

எனக்குத் தாங்க முடியாதது, அவர்கள் அரசன்மேல் வைத்த நம்பிக்கை. ரிச்சர்டு மன்னருக்கும் உண்மையான குடிகளுக்கும் விசுவாசம் என்பதே அவர்களுடைய அடையாளச் சொல். ஜூன் 14 அன்று லண்டனை அடுத்த மைல் எண்டில், 14 வயது மன்னர் பண்ணையடிமை முறையை ஒழிப்பதாக வாக்களித்தார். சாசனத்தை வாங்கிக்கொண்டு பலர் ஊர் திரும்பினார்கள். மறுநாளே ஸ்மித்ஃபீல்டில், மன்னர் முன்னிலையில், அவர்கள் தலைவர் வாட் டைலர் வெட்டப்பட்டார். சில வாரங்களில் சாசனங்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. அவர்களோடு நின்ற பிரசங்கி ஜான் பால் ஜூலை 15 அன்று செயின்ட் ஆல்பன்ஸில் கொல்லப்பட்டார்.

1549-இல் நாரிச் நகருக்கு வெளியே நடந்ததும் இதே துயரம். பொது மேய்ச்சல் நிலத்தை வேலியடைத்துத் தமதாக்கியவர்கள்மேல் கோபம். கலகத்துக்குத் தலைவரான ராபர்ட் கெட் தானே நிலக்காரர். தன் வேலியைப் பிடுங்க வந்தவர்களோடு சேர்ந்து தானும் பிடுங்கினார். மௌஸ்ஹோல்டு மேட்டில் ஏறக்குறைய 16,000 பேர் முகாமிட்டார்கள். 29 கோரிக்கைகளை எழுதி அரசுக்கு அனுப்பினார்கள். தங்களை அரசனின் நல்ல குடிகளாகவே நினைத்தார்கள். வந்தது படைதான். ஆகஸ்ட் 27 அன்று ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். டிசம்பரில் கெட் நாரிச் கோட்டைச் சுவரில் தூக்கிலிடப்பட்டார். 1949-இல் அதே கோட்டையில் அவரைப் போற்றி நகர மக்கள் ஒரு கல்வெட்டுப் பதித்தார்கள்.

அந்த 29-இல் சிலவற்றையாவது தமிழாக்கி வகுப்பில் வாசிக்கக் கொடுங்கள். அடிமைகள் எல்லோரும் விடுதலை பெற வேண்டும், ஆறுகள் மீன் பிடிக்கவும் போய்வரவும் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்ற இரண்டும் அவற்றில் உண்டு. தேர்வுத்தாளில் மாக்னா கார்ட்டாவுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணை இவற்றுக்கும் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு வரலாற்று வாசகர்