நடக்காத நடைக்கு வாங்கிய பணம்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், தஞ்சாவூர்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
பொருள்: கோடியக்கரை – முத்துப்பேட்டை இரண்டு நாள் கடலோர நடைப்பயணம், சேவைக் குறைபாட்டுக்காகப் பணத்தைத் திரும்பக் கேட்பது.

ஐயா / அம்மா,

வணக்கம். சென்ற பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு நானும் என் கணவரும் என் தங்கையும் அவள் மகனுமாக நான்கு பேர் உங்கள் பயணத்தில் வந்தோம். தலைக்கு 3,800 வீதம் 15,200 ரூபாய் முன்பணமாகவே கட்டிவிட்டோம். ஊர் திரும்பிய மறுநாள் போனில் குறைகளைச் சொன்னேன். மூன்று நாள் கழித்து, “இயற்கைச் சூழல் காரணமாகத் திட்டத்தில் ஏற்படும் மாற்றங்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல” என்று ஒரே வரியில் பதில் அனுப்பினீர்கள். அந்த வரியைப் படித்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். அந்த இரண்டு நாளும் மழை இல்லை, காற்று இல்லை, கடல் குளம் மாதிரி கிடந்தது. இதில் இயற்கை எங்கே வந்தது?

முதல் நாள் காலை 6 மணிக்கு வேதாரண்யம் விடுதி வாசலில் வேன் நிற்கும் என்றீர்கள். நாங்கள் ஐந்தரைக்கே காபி குடித்துவிட்டுத் தயார். வேன் வந்தது 9.40-க்கு. ஓட்டுநரை முந்தின இரவு வேறொரு குழுவைக் கொண்டுவிட நாகப்பட்டினத்துக்கு அனுப்பியிருக்கிறீர்கள். பாவம், அவர் தூங்கவே இல்லை. அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்றே முக்கால் மணி நேரத்தில்தான் எங்கள் பயணம் போய்விட்டது. 1967-இல் கோடியக்கரையில் சரணாலயம் அமைத்ததே வெளிமான்களுக்காகத்தான். விடிந்ததும் புல்வெளிக்குப் போனால் அவை மேய்வதை நின்று பார்க்கலாம். வெயில் ஏறினால் நிழல் தேடிப் போய்விடும். சோதனைச் சாவடியில் நுழைவுச் சீட்டும் எடுத்து வைக்கவில்லை. அங்கே அரை மணி நேரம் நின்று, கடைசியில் நாங்களே பணம் கொடுத்து உள்ளே போனபோது பதினொன்றாகிவிட்டது. மான் என்று தூரத்தில் நாலைந்து புள்ளிகளைப் பார்த்தோம். குதிரைகள் மட்டும் சாலை ஓரத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தன. அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை, அவை எப்போதும் அங்கேதான் நிற்கின்றன.

குதிரை என்றதும் உங்கள் விளம்பரத் தாள் ஞாபகம் வருகிறது. ‘தடுப்புத் தீவில் ஹைக்கிங்’ என்று தலைப்பு. கீழே வெள்ளை மணலில் குதிரைகள், அவற்றுக்குப் பின்னால் மரப்பலகைப் பாதை. என் தங்கை மகன் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, அது அமெரிக்காவில் உள்ள அசடீக் தீவு என்றான். அங்கேயும் காட்டுக்குதிரைகள் உண்டாம். சரி, அது நிஜமான தடுப்புத் தீவுதான். கரைக்கு இணையாக நீண்டு கிடந்து அலையைத் தான் வாங்கிக்கொள்ளும் மணல். நம் பக்கத்தில் முத்துப்பேட்டை லகூன் என்ற காயலையும் பாக் நீரிணையையும் பிரித்துக்கொண்டு கிடக்கும் மணல்திட்டும் ஏறக்குறைய அந்த வேலையைத்தான் செய்கிறது. அதைப் படம் எடுத்துப் போட்டிருக்கலாமே? இங்கே நிஜமாகவே குதிரை நிற்கும்போது அங்கேயிருந்து ஏன் குதிரையைக் கடன் வாங்க வேண்டும்? அதே தாளில் ‘சோழர் காலக் கலங்கரை விளக்கத்திலிருந்து சூரிய உதயம்’ என்றும் போட்டிருந்தீர்கள். அந்தக் கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் விழுந்துவிட்டது. எஞ்சியிருப்பது கல்லும் செங்கலுமாகக் கொஞ்சம் அடிப்பகுதி. அதன் மேல் ஏறி எந்த உதயத்தைப் பார்ப்பது?

அப்புறம் உங்கள் வழிகாட்டி. நல்ல பையன், மரியாதையாகப் பேசினார். ஆனால் கோடியக்கரைக்கு அன்றுதான் முதல்முறையாக வருகிறார் என்பதை மதியச் சாப்பாட்டின்போது அவரே சொன்னார். நீர் தேங்கிய இடத்தில் நின்ற வெள்ளைக் கொக்குகளைக் காட்டி, “பூநாரை பாருங்க” என்றார். தங்கை மகன் என் காதருகே, “பூநாரைக்கு அலகு கீழ்ப்பக்கமா வளைஞ்சிருக்கும் பெரியம்மா” என்றான். பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே விட்டுவிட்டோம்.

அடுத்து நடந்ததை அப்படிச் சிரித்துவிட முடியாது. கடற்கரையில் ஒன்றரை கிலோமீட்டர் நடந்திருப்போம். விளம்பரத்தில் இருந்தது எட்டு. வெயில் தாங்காமல் வேனுக்குத் திரும்பலாம் என்றதும், செல்போன் வரைபடத்தில் ஒரு கோட்டைக் காட்டி, “இதுதான் குறுக்குவழி” என்று சதுப்புக்குள் இறங்கினார். என் அம்மா பிறந்தது அகஸ்தியம்பள்ளி. உப்பளத்து வரப்பில் ஓடி விளையாடியவள் நான். அங்கே இறங்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். மேலே வெடிப்பு விட்டு, உப்புப் பூத்து, காய்ந்த நிலம் போலத்தான் தெரியும். ஆனால் மாசி மாதத்தில் அந்தப் பொருக்குக்கு அடியில் உளைச்சேறு அப்படியேதான் இருக்கும். பத்தடி போவதற்குள் என் கணவருக்கு முழங்கால் வரை இறங்கிவிட்டது. ஒரு காலை உருவினால் மற்றது இன்னும் கீழே போகிறது. வழிகாட்டி இழுக்கப் போய் அவரும் மாட்டிக்கொண்டார். பையன் அழ ஆரம்பித்துவிட்டான்.

நண்டு பிடிக்க வந்த ஒரு பெரியவர்தான் கரையிலிருந்து சத்தம் போட்டார். “வெள்ளையா பளபளங்குற எடத்துல கால வைக்காதீங்க. உமரி மொளச்சிருக்க எடமாப் பாத்து வாங்க. ஐயா, நீங்க நிக்காதீங்க, அப்படியே முன்னால கைய ஊனிக் குனிஞ்சு வாங்க.” உமரிச் செடி சிவந்து படர்ந்திருக்கும் இடத்தில் வேர் மண்ணைப் பிடித்திருக்கும், கால் நிற்கும். அவர் வைத்திருந்த கழியை நீட்டி இருவரையும் வெளியே எடுக்க இருபது நிமிடம் ஆனது. அவருக்கு 500 ரூபாய் கொடுத்தோம். வேண்டாம் வேண்டாம் என்றுதான் வாங்கிக்கொண்டார். நீங்கள் வழிகாட்டி என்று தனியாகப் பணம் வாங்கினீர்களே, அந்த வேலையைச் செய்தவர் அவர்தான். என் கணவரின் ஒரு செருப்பு இன்னமும் அங்கேதான் இருக்கிறது. அவருக்கு இரண்டு வருடத்துக்கு முன்பு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனது. அதைப் பதிவுப் படிவத்திலேயே எழுதியிருந்தேன். யாராவது படித்தீர்களா?

இரண்டாம் நாள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஜாம்பவானோடையிலிருந்து கோரையாறு வழியாகப் படகில் போய், அலையாத்திக் காட்டைப் பார்த்து, லகூனைக் கடந்து மணல்திட்டில் நடப்பதாக இருந்தது. நாங்கள் பணம் கட்டியதே முக்கியமாக அதற்குத்தான். படகுத்துறைக்குப் போனதும், வனத்துறை அனுமதி வாங்கவில்லை, இனி வாங்க முடியாது என்று உங்கள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அனுமதி இல்லாமல் அங்கே போக முடியாது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். பதிவு செய்து ஐந்து வாரம் ஆகியும் நீங்கள் விண்ணப்பமே போடவில்லை. ஜாம்பவானோடை தர்காவுக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, மன்னார்குடி வழியாக ஊர் திரும்பினோம்.

ஆக, வேன் தாமதம், சீட்டு எடுக்காதது, ஊர் தெரியாத ஆளை அனுப்பியது, அனுமதி வாங்காதது. இவற்றில் எது இயற்கை என்று எழுத்தில் சொல்லுங்கள். கஜா புயல் நாளில் போய் நின்றுகொண்டு பணம் கேட்டால் நீங்கள் அந்த வரியை எழுதலாம்.

உங்கள் ரசீதுப்படி தலைக்கு வேன், அறை, சாப்பாடு 2,450; வழிகாட்டியும் நுழைவு அனுமதியும் 600; படகு 750. முதல் தொகையை நான் கேட்கவில்லை. அறை சுத்தமாக இருந்தது, வேதாரண்யத்தில் போட்ட மீன் குழம்பும் நன்றாகவே இருந்தது. மற்ற இரண்டும் நான்கு பேருக்கு 5,400 ரூபாய். பெரியவருக்குக் கொடுத்த 500-ஐச் சேர்த்து 5,900. சோதனைச் சாவடியில் நாங்கள் எடுத்த சீட்டுகளின் நகலை இணைத்திருக்கிறேன், அந்தத் தொகையும் வர வேண்டும். செருப்பை விட்டுவிடுகிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம், இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் கிடையாது. ரசீது, விளம்பரத் தாள், நீங்கள் அனுப்பிய பதில், சேற்றில் எடுத்த இரண்டு படங்கள் எல்லாம் கையில் இருக்கின்றன.

இப்படிக்கு,
(ஒப்பம்)

பி.கு.: வேனின் பின்சீட்டில் என் தங்கையின் நீலக் குடை தங்கிவிட்டது. ஓட்டுநரிடம் கேட்டு அதையும் அனுப்பிவைக்கவும்.